ஆதாரில் ஆண், உடையில் பெண்: பெங்களூரிலிருந்து கிளம்பும் முன்

கேள்வி கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. ஊர் சேலம் பக்கம், வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். அறைக்குள் சேலை கட்டிப் பழக்கம், வெளியே ஒருமுறையும் போனதில்லை. மூன்று நாள் லீவு சேர்ந்து வருகிறது, கோவாவுக்கோ சென்னைக்கோ போக வேண்டும், கதவைப் பூட்டுவதிலிருந்து திரும்பி வந்து திறப்பது வரை பெண்ணாகவே. ஆதாரில் ஆண் பெயர், தாடியோடு போட்டோ. விமானத்தில் விடுவார்களா, ஓட்டலில் அறை கொடுப்பார்களா, போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்? கடைசி வரியில், "நான் திருநங்கையா, இல்லை உடையில் மட்டும் பெண்ணாகிற கிராஸ்டிரஸ்ஸரா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை அக்கா" என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை முடிவு செய்த பிறகுதான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அடையாள அட்டையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பயணத்தை வேறு மாதிரி திட்டமிட வேண்டும். நான் அல்சூரில் குடியிருக்கும் திருநங்கை, என் பேப்பர் எல்லாம் மாற்றியாகிவிட்டது, எனக்கு இருக்கும் வசதி உங்களுக்கு இல்லை என்பதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

போலீஸ் பயம்தான் பலரை அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது. ஆணாகப் பிறந்தவர் சேலை கட்டக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த நால்சா தீர்ப்பு, உடை, பேச்சு, நடத்தை வழியாக ஒருவர் தன் பாலினத்தை வெளிக்காட்டுவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் சுதந்திரத்தில் அடங்கும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019-இல் வந்த திருநர் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, திருநர் ஒருவரைப் பொது இடத்துக்குப் போகவிடாமல் தடுப்பவருக்கும் துன்புறுத்துபவருக்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டம் இப்படி இருக்கிறதே என்று இரவு பன்னிரண்டு மணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் நின்று கான்ஸ்டபிளிடம் பிரிவு எண் சொல்லி வாதாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கம் தப்பில்லை என்று தெரிந்தால் குரல் நடுங்காது, அதற்காகத்தான் சொல்கிறேன். யாராவது தொந்தரவு செய்தால் 112, சட்ட உதவி வேண்டுமென்றால் 15100. அந்த இரண்டாவது எண் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தினுடையது, அதன் சுருக்கம்தான் நால்சா, 2014 வழக்கைத் தொடுத்ததே அவர்கள்தான்.

உடை குற்றமில்லை, ஆனால் இன்னொருவராகக் காட்டிக்கொண்டு பணமோ சலுகையோ வாங்கினால் அது வேறு கதை. இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ஆம் தேதியிலிருந்து சக்தி திட்டம் ஓடுகிறது. கர்நாடக முகவரியுள்ள பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. தமிழ்நாட்டிலும் நகரப் பேருந்துகளில் 2021-இலிருந்து அதே மாதிரி. கண்டக்டர் முகத்தைப் பார்த்து நீட்டுகிற இலவச டிக்கெட்டை, ஆதாரில் ஆண் என்று இருக்கும்போது வாங்கிக்கொள்ளாதீர்கள். "டிக்கெட் கொடி" (டிக்கெட் கொடுங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிக் காசை நீட்டுங்கள், அவ்வளவுதான். வழியில் செக்கிங் வந்தால் இருபது ரூபாய்க்காக நீங்கள் மட்டும் அவமானப்பட மாட்டீர்கள், அடுத்த நாள் அதே பஸ்ஸில் ஏறுகிற திருநங்கையையும் கண்டக்டர் சந்தேகமாகப் பார்ப்பார். ரயிலில் பெண்கள் பெட்டியும் அப்படித்தான். ரயில்வே சட்டம் 162-ஆவது பிரிவில் ஆண்கள் ஏறினால் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், இறக்கியும் விடலாம். பேப்பர் ஆண் என்று சொல்கிற வரைக்கும் அந்தப் பெட்டிக்குப் போகாதீர்கள், பொதுப் பெட்டியில் பெண் உடையில் உட்காருவதை யாரும் தடுக்க முடியாது.

ஆக, பயணம் முழுக்கப் பயப்பட வேண்டியதில்லை, அட்டையை எடுத்து நீட்ட வேண்டிய இடம் எத்தனை என்று பாருங்கள். ரோட்டில் நடக்கும்போது, கடையில் வளையல் வாங்கும்போது, காபி குடிக்கும்போது யாரும் ஆதார் கேட்பதில்லை. விமான நிலைய வாசலில் கேட்பார்கள், ரயிலில் டிடிஇ கேட்பார், ஓட்டல் ரிசப்ஷனில் கேட்பார்கள். இந்த மூன்று இடத்துக்கும் தயாராகப் போனால் மிச்ச நேரம் உங்களுடையது.

அதனால் கோவாவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம மெட்ரோவில் போய் வாருங்கள். டோக்கனிலோ கார்டிலோ பெயர் கிடையாது, பாலினம் கிடையாது. இருக்கிற ஒரே தடை நுழைவாயில் சோதனைதான், ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் திரை போட்ட மறைப்பு. பெண் காவலரிடம் மெதுவாக "நான் திருநர், எந்தப் பக்கம் வரட்டும்?" என்று கேட்டுவிட்டால் போதும். இந்த ஊரில் அவர்கள் பார்க்காத ஆட்கள் இல்லை, பெரும்பாலும் கையால் ஒரு பக்கம் காட்டிவிட்டு அடுத்த பையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எம்.ஜி. ரோட்டில் இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை, கப்பன் பார்க்கில் கொஞ்ச நேரம், திரும்பி வீடு. ஜனங்கள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் போனைப் பார்ப்பார்கள். அதை ஒருமுறை உடம்பில் உணர்ந்த பிறகு விமான நிலையம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

கேப், ஆட்டோ விஷயத்தில் எல்லோரும் முகத்தையும் மார்பையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள், காட்டிக்கொடுப்பது என்னவோ போன். புக் பண்ணிய அடுத்த நிமிடம் டிரைவர் அடிப்பார், "எல்லித்தீரா?" (எங்கே இருக்கீங்க?) என்பார், நீங்கள் ஆண் குரலில் "கேட் முந்தெ" (கேட் முன்னால்) என்பீர்கள், அவர் வந்து கேட் முன்னால் ஓர் ஆம்பளையைத் தேடுவார், நீங்கள் கதவைத் திறந்து ஏறும்போது "சார் பரல்வா மேடம்?" (சார் வரலையா மேடம்?) என்பார். அதனால் ஆப்பில் பெயரை மாற்றி வையுங்கள் அல்லது முதலெழுத்தை மட்டும் வையுங்கள். அழைப்பை எடுக்காமல், நிற்கும் இடத்தை எழுதி அனுப்புங்கள். ஓடிபி-யையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, போன் திரையைக் காட்டினால் போதும். குரல் பயிற்சி நல்லதுதான், ஆனால் முதல் பயணத்துக்குள் குரல் மாறிவிடாது, தெளிவான எழுத்து உடனே கிடைக்கும்.

இப்போது விமானம். டிக்கெட்டில் பெயரும் பாலினமும் அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், இதில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். வாசலில் நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலர் இரண்டைத்தான் பார்க்கிறார், டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா, அட்டையில் உள்ள முகமும் எதிரில் உள்ள முகமும் ஒன்றா. ஆண் சேலை கட்டி விமானம் ஏறக் கூடாது என்று விதி கிடையாது. ஆனால் தாடி போட்டோவையும் விக் வைத்த முகத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அவர் தயங்கினால் அது அவர் வேலை. இதற்கு முன்னேற்பாடு சுலபம்: ஆதார் மையத்துக்குப் போய் தாடியை மழித்த முகத்தோடு, முடி கொஞ்சம் வளர்ந்திருந்தால் அப்படியே, போட்டோவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். போட்டோ மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை. அந்த ஒரு போட்டோ வாசலில் பாதி வேலையை முடித்துவிடும். டிஜி யாத்ரா பெங்களூரில் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அது நீங்கள் ஆப்பில் ஏற்றிய செல்ஃபியோடு முகத்தை ஒப்பிடுகிற சமாசாரம். கனமான மேக்கப்போடு போய் இயந்திரம் முழித்தால், பின்னால் வரிசை முழுக்க உங்களையே பார்க்கும். முதல் தடவை ஆள் இருக்கும் வரிசையே மேல்.

பாதுகாப்புச் சோதனையில் பெண்கள் வரிசையில் திரைக்குள் பெண் காவலர் தடவிப் பார்ப்பார். ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகள், பேப்பர் மாறியவர்கள், தயங்காமல் அந்த வரிசைக்குப் போங்கள், கேட்டால் அடையாள அட்டையைக் காட்டுங்கள். உங்கள் மாதிரி ஆண் பேப்பரோடு பெண் உடையில் போகிறவர் அங்கே நின்று திரைக்குள் போய், சிலிக்கான் மார்பைப் பற்றி அந்தப் பெண் காவலருக்குத் திடீரென்று தெரியவந்தால் அவருக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம். முன்கூட்டியே சொல்லுங்கள், தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், முதல் விமானப் பயணத்துக்கு ஜீன்ஸ், நீளமான குர்தா, காதில் சின்னத் தோடு, கொஞ்சம் மை, இத்தோடு போங்கள். விக்கும் பேடிங்கும் பையில் இருக்கட்டும், இறங்கி அறைக்குப் போனதும் மிச்சத்தைப் போட்டுக்கொள்ளலாம். கதவு முதல் கதவு வரை பெண்ணாக என்ற ஆசைக்கு இது முழுதாக ஈடாகாது, தெரியும். ஆனால் குர்தாவும் தோடும் மையும் போட்டுக்கொண்டு நடக்கிறவர் பெண்ணாக இல்லை என்று யார் சொன்னது.

பையைப் பற்றி இரண்டு வார்த்தை. அண்டர்வயர் பிராவும் விக் கிளிப்பும் கருவியில் பீப் அடிக்கும், துணி பிரா போடுங்கள். விக் ஒட்டும் பசையும் நெயில் பாலிஷ் ரிமூவரும் தீப்பிடிக்கக் கூடியவை என்பதால் பாட்டிலாக எடுத்துப் போனால் பிடுங்கிப் போட்டாலும் போடுவார்கள். பசைக்குப் பதில் டேப், ரிமூவருக்குப் பதில் ஈரத்தாள் வாங்குங்கள்.

சென்னைக்கு என்றால் ரயில் என் சாய்ஸ், ஆனால் எந்த ரயில் என்பது முக்கியம். லால்பாக், பிருந்தாவன் மாதிரிப் பகல் வண்டியில் பக்கத்தில் ஒரு மாமி, எதிரே ஒரு கல்லூரிப் பையன், ஐந்தாறு மணி நேரம். பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் "எங்க வேலை பாக்கறேம்மா, கல்யாணம் ஆச்சா?" ஆரம்பித்துவிடும். ராத்திரி வண்டியில் ஏசி டூ டயர், அதிலும் சைடு லோயர் எடுங்கள், திரை இருக்கிறது, த்ரீ டயரில் திரை கிடையாது. டிடிஇ கையில் இருக்கும் பட்டியலில் பெயரோடு வயதும் பாலினமும் வரும். அவர் வரும்போது தூங்குகிற மாதிரி இருக்காதீர்கள், உட்கார்ந்து, அட்டையைத் தயாராக வைத்து, அவர் கேட்கும் முன்பே நீட்டுங்கள். ஒளிக்கிறவரைத்தான் அவர் துருவுவார். ரயில் முன்பதிவில் திருநர் என்ற தேர்வும் இருக்கிறது, அட்டை அப்படி இருப்பவர்கள் அதையே போடலாம். ரயில் கழிப்பறையில் உடை மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தரை ஈரம், வண்டி ஆட்டம், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொசுவம் மடிக்க முடியாது, முந்தானை எங்கே போய் விழும் என்று சொல்லவே வேண்டாம். வீட்டிலேயே உடுத்திக்கொண்டு கிளம்புங்கள், அதுவும் சுடிதாராக இருக்கட்டும். சேலையைச் சென்னையில் கட்டலாம்.

ஜோலார்பேட்டை, காட்பாடிப் பக்கம் கடை கேட்க, அதாவது பயணிகளிடம் காசு கேட்க, வரும் திருநங்கைகள் உங்களைப் பார்த்ததும் நின்று "நீ யாரு, எந்த ஜமாத்?" என்று கேட்கலாம், ஜமாத் என்றால் திருநங்கைகளின் குழு. பயப்பட ஒன்றுமில்லை. அந்த வண்டி அவர்கள் பிழைப்பு, புது முகம் வந்தால் கேட்பார்கள். "பாம்படுத்தி அம்மா, நான் ஜமாத்துல இல்ல, சும்மா ஊருக்குப் போறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், பாம்படுத்தி என்பது நம் ஆட்கள் மூத்தவர்களுக்குச் சொல்லும் வணக்கம். பெரும்பாலும் தலையைத் தடவி வாழ்த்திவிட்டு, இரண்டு அறிவுரையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அறிவுரையில் பாதி இந்தப் பதிலைவிட உபயோகமாக இருக்கும்.

ஆம்னி பஸ் என்றால் ஒரே வழி, ஒற்றைப் படுக்கை வரிசை. இரட்டைப் படுக்கையில் பெண் என்று போட்டு எடுத்தால் பக்கத்தில் ஒரு பெண் நம்பி புக் பண்ணுவார், அந்த நம்பிக்கையோடு விளையாடக் கூடாது. மடிவாளாவில் கிளீனர் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார், அதற்கு முன்னால் போய் சீட் நம்பரைக் காட்டிவிடுங்கள். இன்னொன்று: வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் நிற்கிற கூட்டத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் எல்லாம் பாதி அங்கேதான் இருக்கும், உங்கள் சித்தப்பா பையன் உட்பட. வீட்டுக்குத் தெரியாமல் போகிறவருக்கு அதைவிட மோசமான இடம் பெங்களூரில் கிடையாது. வியாழன் கிளம்புங்கள், அல்லது கோவாவுக்கே பறந்துவிடுங்கள்.

வழியில் கழிப்பறை. 2017-இல் தூய்மை இந்தியா திட்ட வழிகாட்டுதலிலேயே, திருநர் தாங்கள் விரும்பும் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியாகிவிட்டது. அந்தக் காகிதம் நெடுஞ்சாலை மோட்டலில் இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது வேறு. பெண் உடையில் ஆண்கள் கழிப்பறைக்குப் போவதுதான் உண்மையிலேயே ஆபத்து, அங்கே கும்பல் இருக்கும், குடித்தவர்கள் இருப்பார்கள். தனி அறையாக இருக்கிற மாற்றுத்திறனாளி கழிப்பறை இருந்தால் அது, இல்லாவிட்டால் பெரிய உணவகத்தில் பெண்கள் பக்கம் போய், தலையைக் குனிந்துகொள்ளாமல், கண்ணாடி முன்னால் நின்று செல்ஃபி எடுக்காமல், வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுங்கள். இதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓட்டலுக்கு வருவோம். புக் பண்ணும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள்: அட்டையில் ஆண் பெயர், வருவது பெண் உடையில், தனியாகத் தங்குகிறேன், சரியா? "நோ ப்ராப்ளம்" என்று எழுத்தில் வந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுத்தால் அடுத்த இடம் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு லாட்ஜைவிட, கம்பெனி ஆட்கள் தங்குகிற நடுத்தர ஓட்டல் நல்லது. லாட்ஜில் பையன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான், இந்த மாதிரி ஓட்டலில் யாருக்கும் யாரைப் பற்றியும் அக்கறை இல்லை, நமக்கு வேண்டியதும் அதுதான். கையில் காசு இருந்தால் லலித் குழும ஓட்டல்கள், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கேசவ் சூரி, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவுக்கு எதிரான வழக்கில் மனு போட்டவர்களில் ஒருவர், நம் ஆட்களை அங்கே விசித்திரமாகப் பார்ப்பதில்லை. செக்-இன் பகலில் செய்யுங்கள். உடை மாற்றி வெளியே போகும்போது ரிசப்ஷனைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டிவிட்டுப் போங்கள், திருடன் மாதிரி லிஃப்டிலிருந்து வாசலுக்கு ஓடாதீர்கள்.

உடை, மேக்கப் பற்றி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, நான் பயணத்துக்கு மட்டும் சொல்கிறேன். விடியற்காலை விமானத்துக்கு மூன்று மணிக்கு மழித்தால் சாயங்காலம் தாடை நீலம் பூக்கும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் ஆரஞ்சு கலர் கரெக்டர் தடவினால் அந்த நீலம் அமுங்கும், வெறும் ஃபவுண்டேஷனை அப்பினால் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். பெங்களூர் குளிரில் நாள் முழுக்க நிற்கும் மேக்கப், சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கழுத்தில் வழியும், அதனால் சென்னைக்குக் குறைவாகப் போடுங்கள். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம், இந்த ஊர் நடைபாதையில் கல் இருக்கும் இடம் குறைவு.

பேப்பரை மாற்றலாமா என்று பிறகு யோசிப்பீர்கள். 2019 சட்டப்படி மாவட்ட நிர்வாகம் கொடுக்கும் அடையாளச் சான்றிதழ்தான் அதற்கு வாசல், கர்நாடகத்தில் அது டி.சி. ஆபீஸ், நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் திருநர் என்ற தேர்வு இருக்கிறது. உதவிக்கு பெங்களூரில் சங்கமா போன்ற அமைப்புகள் இருக்கின்றன, தமிழிலேயே பேசலாம். கிராஸ்டிரஸ்ஸராகவே இருக்கப் போகிறீர்கள் என்றால் எதையும் மாற்றத் தேவையில்லை. இந்த ஊரில் சைத்ர மாதப் பௌர்ணமியில் வரும் கரகத் திருவிழாவன்று திகளர்பேட்டைக் கோயில் பூசாரி சேலையும் வளையலும் தாலியுமாக ராத்திரி முழுக்கத் தெருவில் வருகிறார், லட்சம் பேர் கும்பிடுகிறார்கள். சில வருடம் அதே பௌர்ணமியில்தான் விழுப்புரம் பக்கம் கூவாகமும் வரும். ஆசை இருந்தால் அங்கேயும் ஒருமுறை போங்கள், கூட்டத்தோடு, நம்பிக்கையான தோழியோடு, இரவில் தனியாக எங்கும் ஒதுங்காமல்.

வெளிநாடு இப்போதைக்கு வேண்டாம். போனாலும் தாய்லாந்து மாதிரி இடம் பாருங்கள். அமீரகத்தில் பெண் உடையில் ஓர் ஆண் பெண்களுக்கான இடத்துக்குள் போவது குற்றம், மலேசியாவில் மாநில ஷரியா சட்டங்கள் முஸ்லிம் ஆண்களுக்கு அந்த உடையையே தடை செய்கின்றன. துபாய் வழியாக மாறிப் போகிற டிக்கெட் மலிவாகக் கிடைத்தால்கூட யோசியுங்கள்.

திங்கட்கிழமை ஆபீஸ் என்றால் ஞாயிறு ராத்திரியே அறையில் உட்கார்ந்து நகப்பூச்சை எடுத்துவிடுங்கள், நகக்கணுவில் ஒரு சிவப்புக் கோடு நிற்கும், அதைக் குச்சியால் சுரண்ட வேண்டும். கண் மைக்குத் தேங்காய் எண்ணெய்தான், சோப்பு போட்டால் கண்ணைச் சுற்றிக் கறுப்பாகப் படர்ந்து இரண்டு நாள் போகாது. ஒரு சின்ன டப்பாவில் எண்ணெய் எடுத்துப் போங்கள், கோவா ஓட்டலில் கேட்டால் வறுக்கிற எண்ணெயைத்தான் கொடுப்பார்கள்.